விரல் நீளக் கண்ணாடியும் தம்பியின் கல்யாணமும்

என் தம்பி கல்யாணம் கட்டப்போவதாகச் சொன்ன அன்று, அம்மா கல்லில் போட்டிருந்த ரொட்டி கருகிப்போனது. புகை வீடெல்லாம் பரவிய பிறகுதான் கையில் கரண்டி இருப்பதே அம்மாவுக்கு ஞாபகம் வந்தது.

“யாரையடா?”

“ஹாலிஎலயில ஒரு புள்ளம்மா. பாலர் பாடசாலை டீச்சர். போன் கண்ணாடி ஒடஞ்சி கடைக்கு வந்தாங்க.”

“ஒன்னப் பத்திச் சொல்லிட்டியா?”

“மொதல்ல அதத்தான் சொன்னேன். அதுக்கப்புறந்தான் பேரையே சொன்னேன்.”

அம்மா என்னைப் பார்த்தார். நான் பல்கலைக்கழகத்து ஆய்வுக்கூடத்திலிருந்து லீவு போட்டு, நாங்கள் பிறந்த பூனாகலைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்திருந்த நேரம் அது. கருகிய ரொட்டியை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு நான் சிரித்தேன். தம்பியும் சிரித்தான். அம்மா மட்டும் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவர் அழுகிறார் என்பது முதுகைப் பார்த்தாலே தெரிந்தது. மகன் கல்யாண வயதுவரை இருப்பான் என்று ஒரு காலத்தில் யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

என் தம்பிக்குத் தலசீமியா. நடக்கப் பழகுவதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள். அவனுடைய உடம்பு உருப்படியான சிவப்பணுக்களைச் செய்வதில்லை. அதனால் மாதம் தவறாமல் பதுளைக்குப் போய் இரத்தம் ஏற்றிக்கொள்ள வேண்டும். ஏற்றிய இரத்தத்தால் உடம்பில் சேரும் இரும்பை வெளியேற்றத் தினமும் மாத்திரை. மற்றபடி அவன் பண்டாரவளையில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறான். பூதக்கண்ணாடிக்குக் கீழே எறும்புக்கால் அளவு கம்பிகளை ஒட்டவைக்கிறான். கிரிக்கெட் நடந்தால் கடையில் வேலை நடக்காது.

இந்த நோய் வருவதற்குத் தாயும் தகப்பனும் ஆளுக்கொரு பழுதான மரபணுவைக் கொடுத்திருக்க வேண்டும். ஒன்று மட்டும் பழுதாக இருப்பவர்களுக்கு ஒன்றும் செய்யாது. அவர்களைக் கடத்திகள் என்பார்கள். அம்மா ஒரு கடத்தி. இறந்துபோன அப்பாவும் அப்படித்தான். நானும் ஒரு கடத்தி. எனக்கு அம்மாவிடமிருந்து வந்ததா, அப்பாவிடமிருந்து வந்ததா என்று சின்ன வயதில் நிறைய யோசித்திருக்கிறேன். உயிரியல் படிக்கப் போனதற்கு அந்த யோசனைதான் காரணம். வேறு பெரிய இலட்சியம் எதுவும் இருக்கவில்லை.

படித்து முடித்ததும் ஆய்வுக்கூடத்தில் எனக்குக் கிடைத்த வேலை டி.என்.ஏ. துண்டுகளைப் பிரிப்பது. பழைய முறையில் அதற்கு அகலமான ஒரு ஜெல் தகடு வார்க்க வேண்டும். பார்க்கக் கடல்பாசி ஜெலி போல இருக்கும். அதன் ஓரத்துக் குழிகளில் மாதிரியை விட்டு மின்சாரம் பாய்ச்சினால் துண்டுகள் ஜெல்லுக்குள் நகரும். சிறிய துண்டுகள் திருவிழாக் கூட்டத்தில் பிள்ளைகள் நுழைந்து ஓடுவதுபோல முந்திவிடும். பெரியவை பின்தங்கும். எது எங்கே நிற்கிறது என்று பார்த்து அளவைக் கண்டுபிடிக்கலாம். நல்ல முறைதான். ஆனால் காலையில் தொடங்கினால் மத்தியானம் தாண்டிவிடும். தகடு கிழிந்தால் மறுபடியும் முதலிலிருந்து வார்க்க வேண்டும்.

எங்கள் குழு அந்தத் தகட்டை ஒரு சிப்புக்குள் அடக்க முயன்றது. விரல் நீளத்தில் ஒரு கண்ணாடித் துண்டு. அதற்குள் முடியைவிட மெல்லிய கால்வாய்கள், சிலுவை வடிவத்தில். கால்வாய் நிறைய ஜெல். குறுக்குக் கால்வாய் வழியாக ஒரு துளி மாதிரியைக் கொண்டுவந்து, சந்தியில் நிற்கும் மிகச் சிறிய அளவை மட்டும் நீளக் கால்வாய்க்குள் இழுத்துவிட வேண்டும். தூரம் குறைவு, மின்னழுத்தம் அதிகம். அதனால் மணிக்கணக்கில் ஓடிய துண்டுகள் சில நிமிடங்களில் ஓடி முடிக்கும். கால்வாயின் முடிவில் ஒரு நீல ஒளி காத்திருக்கும். சாயம் ஏறிய ஒவ்வொரு துண்டும் அதைக் கடக்கும்போது பளிச்சிடும். அந்தப் பளிச்சைக் கணினி ஒரு மேடாக வரைந்து காட்டும்.

எழுதும்போது எளிதாக இருக்கிறது. செய்யும்போது எங்களை அழவைத்தது. கால்வாய்க்குள் ஒரு காற்றுக்குமிழி புகுந்தால் போதும், மின்சாரம் நின்றுவிடும். அந்தக் குமிழியைக் கண்ணால் பார்க்கவும் முடியாது. ஒரு கண்ணாடியில் வெடிப்பு, இன்னொன்றில் ஜெல் கசிவு, வேறொன்றில் எல்லாம் சரியாக இருந்தும் ஒரு மேடும் இல்லாத தட்டையான கோடு. உடைந்த சிப்புகளை நான் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தேன். டின் நிறைந்ததும் இன்னொரு டின் வாங்கினேன்.

ஒரு நாள் காலை, முதன்முதலாக நோயின் மரபணுவையே சோதித்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. பழுது இருப்பது உறுதியாகத் தெரிந்த இரத்தம் வேண்டும். நான் கையை நீட்டினேன். என் இரத்தத்திலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, பழுது இருக்கக்கூடிய சிறு பகுதியை மட்டும் பிரதி எடுக்கும் கருவியில் பெருக்கி, ஒரு துளியைச் சிப்பில் விட்டோம். இரண்டு மேடுகள் வர வேண்டும். பழுதான மரபணு இருந்தால் மட்டும் எழும் சின்ன மேடு முதலில். யாருடைய இரத்தமானாலும் எழுந்தே தீர வேண்டிய பெரிய மேடு பிறகு. சோதனை ஒழுங்காக நடந்திருக்கிறது என்பதற்கு அந்தப் பெரிய மேடுதான் சாட்சி.

கோடு தட்டையாகப் போய்க்கொண்டே இருந்தது. பிறகு சின்னதாக ஒரு மேடு. கொஞ்சம் பொறுத்து, பெரிதாக இன்னொன்று.

சின்ன வயதில் யோசித்து யோசித்து விடை கிடைக்காத அந்தப் பொருள் என் கண் முன்னால் ஒரு கோடாக எழுந்து நின்றது. சிப்பில் துளியை விடும்போது மேசையில் வைத்த தேநீர் இன்னும் சூடாகவே இருந்தது, அவ்வளவு சீக்கிரம். என்னுடன் வேலை செய்தவர்கள் கை தட்டினார்கள். நான் வெளியே ஓடி வந்து தம்பிக்குப் போன் போட்டேன்.

“டேய், எனக்குள்ள இருக்கிறத அது கண்டுபிடிச்சிருச்சிடா!”

“நோய் இருக்குன்னு இவ்வளவு சந்தோஷமாச் சொல்ற ஆள இப்பத்தான் பாக்கிறேன்” என்றான். பிறகு அவனும் கடையிலிருந்து கூவினான். பக்கத்துக் கடைக்காரர் என்னவென்று விசாரித்தது கூடப் போனிலேயே எனக்குக் கேட்டது.

இதெல்லாம் ரொட்டி கருகியதற்கு முன்பு நடந்தவை.

கல்யாணப் பேச்சு அவ்வளவு சுலபமாக நகரவில்லை. பெண்ணின் அப்பா ஹாலிஎலயில் தையல்கடை வைத்திருப்பவர். மனைவியை இழந்து ஒரே மகளை வளர்த்தவர். ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிறவர். தம்பி இந்து என்பதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. இரத்தத்தைப் பற்றித்தான் பேசினார். மகளைக் கூட்டிக்கொண்டு போய் இரத்தப் பரிசோதனை செய்தார். அதில் அவளுடைய சிவப்பணுக்கள் வழக்கத்தைவிடச் சிறியவையாக இருந்தன. அது தலசீமியாக் கடத்தி என்பதற்கும் அடையாளமாக இருக்கலாம், வெறும் இரும்புச்சத்துக் குறைவாகவும் இருக்கலாம். அடுத்துச் செய்த பரிசோதனையும் அந்தப் பக்கமும் இல்லாமல் இந்தப் பக்கமும் இல்லாமல் நடுவில் நின்றது. மரபணுவைப் பார்த்தால்தான் தெரியும் என்றார்கள். அதற்குக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும், முடிவு வர நாளாகும். இதற்கிடையில் சொந்தத்தில் ஒரு மாப்பிள்ளை இருப்பதாக யாரோ அவரிடம் வந்து சொல்லியிருந்தார்கள்.

அந்தப் பெண் பஸ் ஏறித் தனியாகவே பூனாகலைக்கு வந்தாள். நான் அப்போதுதான் அவளை முதலில் பார்க்கிறேன். மெல்லிய உடம்பு, பெரிய குரல். பாலர் பாடசாலையில் கத்திக் கத்தி வந்த குரலாக இருக்கும். மழையில் நனைந்த குடையை வாசலில் சாய்த்துவிட்டு, அம்மாவுக்குக் கொண்டுவந்த கேக்கைக் கொடுத்துவிட்டு, நேரே என்னிடம் வந்தாள்.

“அக்கா, ஒங்க மெஷின் என்னயப் பாத்துச் சொல்லுமா?”

“சொல்லும். ஆனா நா ஒருத்தியே பாத்துச் சொல்லக்கூடாது. டொக்டர் இருக்கணும். கொழும்புக்குப் போற சாம்பிளும் போகத்தான் வேணும். அங்க இருந்து வர்ற முடிவுதான் கடைசி முடிவு.”

“சரிக்கா. எனக்கும் இருந்தா என்னாகும்?”

ஒளிக்காமல் சொன்னேன். “பொறக்கிற ஒவ்வொரு புள்ளைக்கும் தம்பி மாதிரி வர்றதுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஒனக்கு இல்லன்னா, புள்ளைங்க எல்லாம் என்ன மாதிரி இருப்பாங்க. ஒன்னும் செய்யாது.”

அம்மா கேக்கை வெட்டாமல் கத்தியோடு நின்றிருந்தார்.

“எது வந்தாலும் நா அவரத்தான்க்கா கட்டுவேன்” என்றாள் அவள். “ஆனா தெரிஞ்சிக்கிட்டுக் கட்டணும். தெரியாம பயந்துகிட்டே இருக்க என்னால ஏலாது.”

அம்மா அவளுக்குப் பெரிய துண்டாக வெட்டிக் கொடுத்தார்.

எங்கள் சிப்பை ஆய்வுக்கூடத்துக்கு வெளியே கொண்டுபோய்ச் சோதிக்க அனுமதி ஏற்கனவே கிடைத்திருந்தது. மாவட்டத்தில் தலசீமியா நோயாளிகளைப் பார்க்கும் டொக்டர் ஒருவர் அதற்குப் பொறுப்பாக இருந்தார். சிங்களப் பெண். தமிழை உடைத்து உடைத்து, ஆனால் தயங்காமல் பேசுவார். தம்பியைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வருபவர். கல்யாண வயதில் உள்ள பிள்ளைகளுக்குப் பூனாகலைத் தோட்டத்துப் பாடசாலையில் ஒரு முகாம் வைப்போம் என்று சொன்னார். தம்பியின் விஷயத்தை அவரிடம் சொன்னேன்.

“அவங்களும் வரட்டும்” என்றார். “ஆனா குழாயில பேர் இருக்காது. நம்பர் நான் போடுவேன். எது யாருடையது, உங்களுக்குத் தெரியாது. சரியா?”

சரி என்றேன். மனதுக்குள் அதுதான் நிம்மதியாகவும் இருந்தது.

முகாமுக்கு முதல் நாள் நானும் தம்பியும் பெட்டிகளோடு பாடசாலைக்குப் போனோம். தை மாதக் குளிர். மூடுபனி வகுப்பறைக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருந்தது. பெஞ்சைத் தொட்டால் ஈரம். மேசையில் கருவிகளை அடுக்கி, ஒத்திகையாக என் இரத்தத்தையே எடுத்து ஓட்டினேன். கோடு தட்டையாகப் போனது. மேடு எழ வேண்டிய நேரம் வந்தது, எழவில்லை. கடந்து போனது, அப்போதும் இல்லை. கணினி ‘முடிவு இல்லை’ என்று சொல்லி நிறுத்திக்கொண்டது.

குமிழியாக இருக்கும் என்று சிப்பை மாற்றினேன். அதே கதை. மூன்றாவது சிப்பில் கணினியை நிறுத்தவிடாமல் காத்திருந்தேன். வெகு நேரம் கழித்து ஏதோ எழுந்தது. மலைபோல அகலமாக, மொழுக்கென்று. சின்ன மேடும் பெரிய மேடும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து போயிருந்தன.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் எப்போதும் ஒரே வெப்பம். பூனாகலைக் குளிரில் கால்வாய்க்குள் இருந்த ஜெல் இறுகிவிட்டது, துண்டுகள் நகர முடியாமல் திணறுகின்றன. காரணம் புரிந்தது. ஆனால் என்ன செய்வது? சிப்பைச் சூடாக்க வேண்டும், அதுவும் ஒரே அளவாக. சுடுதண்ணீர்ப் போத்தலை ஒட்டி வைத்தேன். ஒரு பக்கம் சூடாகி மறுபக்கம் குளிர்ந்து, கோடு இன்னும் மோசமாக ஆடியது.

தம்பி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். “எவ்வளவு சூடு வேணும்?” என்று கேட்டான்.

“ஒடம்புச் சூட்டுக்குக் கொஞ்சம் மேல. ஏறவும் கூடாது, எறங்கவும் கூடாது.”

“கடையில சூட்டுத் தட்டு இருக்கே. போன் கண்ணாடியக் கழட்ட முந்தி பசை எளகுறதுக்காக அது மேல வைப்பேன். நம்பர் அழுத்தினா அந்தச் சூட்டுலயே நிக்கும்.”

நான் அவனைக் கட்டிப்பிடித்தேன். “எம்மாம் பெருசு?”

“போன் அளவுதான்.”

அன்று மாலை பஸ்ஸில் பண்டாரவளைக்குப் போனவன், மறுநாள் முதல் பஸ்ஸில் தட்டைத் துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினான். அதற்குள் பாடசாலை வாசலில் ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, காலையில் தோட்டத்து வேலைக்கு ஆள் கூடும் பெரட்டு இல்லாத நாள். தோட்டத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் கொழும்பில் கடைகளில் வேலை செய்கிறவர்கள். தைப்பொங்கலுக்கு வந்து இன்னும் திரும்பிப் போகாமல் இருந்தார்கள். கூட்டத்துக்குப் பின்னால் அந்தப் பெண் நின்றாள். பக்கத்தில் கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு மனிதர், கையில் குடை. தையல்கடைக்காரர்தான். ஆராதனையை விட்டுவிட்டு வந்திருந்தார்.

சூட்டுத் தட்டின் மேல் சிப்பை வைத்தோம். தம்பி எண்ணை அழுத்தினான். சூடு ஏறி நிலையாக நிற்கும்வரை இருவரும் அதையே பார்த்தோம். பிறகு என் இரத்தம். சின்ன மேடு, கூராக, உரிய நேரத்துக்கு. அதன் பின்னால் பெரிய மேடு. நடுவில் சுத்தமான சமவெளி. ஆய்வுக்கூடத்தில்கூட இவ்வளவு அழகாக வந்ததில்லை. தம்பியின் இரத்தத்தை ஓட்டினோம். அதிலும் வர வேண்டியது வந்தது. கடைசியாக, பழுது இல்லை என்று முன்பே உறுதியான ஒருவருடையது. பெரிய மேடு மட்டும்.

“தொடங்குவோமா?” என்றார் டொக்டர்.

டொக்டரும் தாதியும் அடுத்த அறையில் இரத்தம் எடுத்து, குழாய்களில் எண் ஒட்டி அனுப்பினார்கள். நான் டி.என்.ஏ. பிரித்தேன். பிரதி எடுக்கும் கருவிதான் அதிக நேரம் எடுத்தது. அதிலிருந்து வெளியே வந்தவை சிப்பில் ஏறியதும் நிமிடங்களில் முடிந்தன. தம்பி சிப்புகளை மாற்றினான், கழுவினான், சூட்டைப் பார்த்துக்கொண்டான். கொழும்புக்குப் போய்த் திரும்ப நாட்கணக்காகும் கேள்விகளுக்கு, எங்கள் தோட்டத்துப் பாடசாலையில், கரும்பலகைக்குக் கீழே, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே விடைகள் வந்துகொண்டிருந்தன.

சிலருக்குச் சின்ன மேடு எழுந்தது. அவர்களில் ஒரு வாலிபன் டொக்டரின் அறையிலிருந்து முகம் வெளிறி வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டான். தம்பி அவனருகே போய் உட்கார்ந்தான்.

“ஒங்களுக்கு ஒன்னுமில்ல” என்றான். “நீங்க கடத்தி, நோயாளி இல்ல. அங்க மெஷினோட இருக்காங்களே எங்கக்கா, அவங்களும் அப்பிடித்தான். கட்டப்போற புள்ளையும் பாத்துக்கிட்டா போதும்.”

“ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“நாந்தான் நோயாளி” என்று சொல்லி அவன் சிரித்தான். வாலிபன் அவனை மேலும் கீழும் பார்த்தான். பிறகு அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

தையல்கடைக்காரர் இதை ஜன்னலோரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் கழித்து என்னருகே வந்தார்.

“காலையில இருந்து ஒக்காரவே இல்லையே இவரு. ஒடம்புக்கு முடியாதவருன்னு சொன்னாங்க?”

“மாசத்துல ஒரு நாள் ரத்தம் ஏத்துறதுக்குப் போவான். மத்த நாளெல்லாம் கடை தொறந்துதான் இருக்கும்.”

அவர் போய் உட்காரவில்லை. அங்கேயே நின்றார்.

எல்லாக் குழாய்களும் முடிந்ததும் முடிவுகளை டொக்டரிடம் கொடுத்தேன். அவர் எண்களை ஒப்பிட்டுப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு அந்தப் பெண்ணை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். தம்பி சிப்பைத் துடைத்தான். துடைத்ததையே மறுபடி துடைத்தான். நான் அவனிடமிருந்து அதைப் பிடுங்கி வைத்தேன்.

அவள் வெளியே வந்தாள். அப்பாவைப் பார்த்தாள், பிறகு தம்பியைப் பார்த்தாள். அந்தப் பெரிய குரலில், பாடசாலை முழுவதும் கேட்கும்படி சொன்னாள்:

“எனக்கு இரும்புச்சத்துதான் கொறைவாம்! கீரை வாங்கிக் குடுங்க!”

தம்பி மேசையைப் பிடித்துக்கொண்டான். அம்மா, அடுத்த வகுப்பறையில் எல்லோருக்கும் சோறு கட்டிக்கொண்டிருந்தவர், கையில் பருப்புக் கரண்டியோடு ஓடி வந்தார். என்னவென்று கேட்காமலேயே அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டார். அவளுடைய வெள்ளைச் சட்டையில் பருப்பு வழிந்தது. டொக்டர் வாசலில் நின்று, “கொழும்பு ரிசல்ட் வரணும், மறக்க வேணாம்” என்று கண்டிப்பாகச் சொன்னார். சொல்லும்போதே அவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

தையல்கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. மெதுவாக மேசைக்கு வந்தார்.

“நான் பாக்கலாமா அத?” என்றார்.

மகள் தலையாட்டினாள். டொக்டர் எண்ணைச் சொன்னார், அவளுடைய கோட்டைத் திரையில் வைத்தேன். இதோ பெரிய மேடு, சோதனை சரியாக நடந்திருக்கிறது என்று அர்த்தம். இதோ இந்த இடத்தில் சின்ன மேடு வந்திருக்க வேண்டும், வரவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார்.

“வந்திருந்தா எப்பிடி இருக்கும்?”

தம்பி தன்னுடையதைக் காட்டச் சொன்னான். காட்டினேன். அவர் திரைக்குக் கிட்டக் குனிந்து, அந்தச் சின்ன மேட்டை நகத்தால் தொடுவதுபோல விரலை வைத்தார்.

“இவ்வளவுதானா?” என்றார். “இந்த மேட்டுக்கா நான் இத்தன நாளும் பயந்து கெடந்தேன்?”

“பயப்பட வேண்டியதுதான் மாமா” என்றான் தம்பி. முதல்முறையாக அவரை அப்படிக் கூப்பிட்டான், கூப்பிட்டதை அவனே கவனிக்கவில்லை. “எங்கம்மா எத்தனையோ வருசம் பயந்திருக்காங்க. இப்பத்தான் பயப்படுறதுக்கு முந்தியே பாத்துக்க வழி வந்திருக்கு.”

அவர் நிமிர்ந்து அவனை முழுதாகப் பார்த்தார். பிறகு கோட்டுப் பைக்குள் கையை விட்டு, எப்போதும் வைத்திருப்பார்போல, சுருட்டிய அளவு நாடாவை எடுத்தார்.

“கையத் தூக்குங்க.”

“என்னாங்க?”

“கையத் தூக்குங்கன்னு சொல்றேன். கல்யாணக் கோட்டுக்கு அளவு வேணாமா?”

கரும்பலகைக்கு முன்னால் தம்பி இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றான். அவர் மார்பை அளந்தார், தோளை அளந்தார், அளவுகளை வாய்க்குள் முணுமுணுத்தார். வாசலில் கூடியிருந்த தோட்டத்துப் பெண்கள் விசிலடித்தார்கள். பெண்கள் அவ்வளவு நன்றாக விசிலடிப்பார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

கொழும்பிலிருந்து முடிவு வந்தபோது கல்யாணக் கோட்டுக்குப் பொத்தான் காஜாவும் எடுத்து முடிந்திருந்தது. அந்தப் பெரிய ஆய்வுக்கூடம் மரபணுவை முதலிலிருந்து கடைசிவரை எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்திருந்தது. அந்தப் பெண்ணுக்குப் பழுது இல்லை. அன்று பாடசாலையில் எடுத்த மற்ற மாதிரிகளையும் ஒப்பிட்டார்கள். எங்கள் சிப்பு சொன்னதும் அவர்கள் சொன்னதும் ஒன்றாகவே இருந்தன, ஒன்று விடாமல். ஆய்வுக்கூடத்தில் அதை வாசித்தபோது என் குழுவினர் மேசையைத் தட்டிய தட்டில் ஒரு குடுவை விழுந்து உடைந்தது. யாரும் பெருக்கப் போகவில்லை.

கல்யாணம் ஹாலிஎலயில், பதிவுக் கல்யாணமாக நடந்தது. மோதிரமும் மாற்றினார்கள், தாலியும் கட்டினார்கள். போதகரும் வாழ்த்தினார், எங்கள் தோட்டத்துக் கோயில் பூசாரியும் திருநீறு பூசினார். டொக்டர் புடவை கட்டிக்கொண்டு வந்து, முதல் வரிசையில் உட்கார்ந்து, மாப்பிள்ளையிடம் மாத்திரை போட்டாயா என்று கேட்டார். அம்மா அன்று முழுவதும் ஒரு துளி கண்ணீர் விடவில்லை. எல்லோருக்கும் இரண்டாம் தரம் சோறு வைப்பதிலேயே குறியாக இருந்தார்.

அதற்குப் பிறகு சூட்டுத் தட்டைச் சிப்புப் பெட்டிக்குள்ளேயே பொருத்திவிட்டோம். அந்தப் பகுதியைத் தம்பிதான் வரைந்து கொடுத்தான். இப்போது பெட்டி ஒரு கையில் தூக்கிப்போகும் அளவு. மாவட்டத்துத் தாதிமார் சிலருக்கு அதை ஓட்டப் பழக்கினோம். தம்பியின் மனைவியும் பழகிக்கொண்டாள். பாலர் பாடசாலை இல்லாத நாட்களில் முகாம்களுக்குப் போய், வருகிறவர்களுக்குக் கடத்தி என்றால் என்ன, நோயாளி என்றால் என்ன என்று அந்தக் குரலில் விளக்குகிறாள். கடைசி வரிசையில் தூங்குகிறவர்களும் எழுந்துவிடுவார்கள்.

போன மாதம் பசறையில் முகாம். நான் காலையிலேயே வருவதாகச் சொல்லியிருந்தேன். வழியில் மண் சரிந்து, பஸ் வளைவில் நின்றுவிட்டது. மண்ணை அள்ளி வழிவிட வெகு நேரமாயிற்று. நான் இல்லாமல் எப்படித் தொடங்குவார்கள், குமிழி புகுந்தால் யார் பார்ப்பார்கள் என்று பஸ்ஸுக்குள் தவித்துக்கொண்டே இருந்தேன். போனை யாரும் எடுக்கவுமில்லை.

பசறையில் இறங்கி மேட்டில் ஓடிப்போய்ப் பார்த்தபோது மண்டபம் நிறைய ஆட்கள். மேசையில் தாதி சிப்பை மாற்றிக்கொண்டிருந்தார். திரையில் மேடுகள் கூராக, ஒழுங்காக எழுந்துகொண்டிருந்தன. பாதிப் பேருக்கு மேல் முடிவு வாங்கிக்கொண்டு போய்விட்டிருந்தார்கள்.

“வாங்க அண்ணி” என்றாள் தம்பியின் மனைவி, கையை வேலையிலிருந்து எடுக்காமலேயே. “மொதல்ல ஒரு குமிழி வந்திச்சி. சிஸ்டரே எடுத்துட்டாங்க. நீங்க ஒக்காருங்க, சாப்பிட்டீங்களா?”

எனக்குச் செய்ய அங்கே ஒரு வேலையும் மிச்சமிருக்கவில்லை. சுவரோரமாக ஒரு நாற்காலி இருந்தது. அதில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டினேன். மண்டபத்தின் அந்தப் பக்கத்தில் ஒரு புதுச் சோடி டொக்டரின் அறையிலிருந்து கைகோத்துச் சிரித்துக்கொண்டே வெளியே வந்தது. அவர்கள் என்னைப் பார்க்கவுமில்லை, நான் யாரென்று அவர்களுக்குத் தெரியவுமில்லை. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு பெருமையாக உட்கார்ந்திருந்த நாற்காலி வேறு எதுவும் இல்லை.